மரக் குவளை செய்தல்: வன்மரமும் நீரும்

க.பொ.த. (சாதாரண தர) மாணவர்களுக்கான பாட விளக்கக் கட்டுரை

அறிமுகம்

மாணவர்களே, உங்கள் வீட்டிலுள்ள கதிரை, மேசை, கதவு ஆகிய மரப்பொருட்களை ஈரம் படாமற் பாதுகாக்கின்றோம். மழைத்தூவானம் பட்டாற் கதவு இறுகிக்கொள்வதையும் கோடை வந்ததும் அது மீண்டும் இலகுவாகத் திறப்பதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆனால் மரக் குவளை அப்படியானதன்று. நாள்தோறும் நீரை நிரப்புவதற்கும் வெறுமையாக்குவதற்குமே அது செய்யப்படுகின்றது. ஆகவே மரத்தின் இயல்புகளைக் கடுமையாகச் சோதிக்கும் ஒரு சிறு பொருள் மரக் குவளையாகும்.

மரத்தைத் தெரிவுசெய்வது முதல் குவளையைக் கழுவி வைப்பது வரை ஒவ்வொரு படிமுறையிலும் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "இந்த இடத்தில் நீர் என்ன செய்யும்?" இக்கேள்விக்கான விடை தெரிந்தால் படிமுறைகளை மனனஞ் செய்யவேண்டிய தேவை இல்லை, நீங்களாகவே அவற்றை எழுதலாம்.

உதாரணமாக நாம் எடுத்துக்கொள்வது வேங்கைக் குவளை. நீரிழிவு நோயாளருக்கென இலங்கையிலும் இந்தியாவிலும் விற்கப்படும் இக்குவளையை உங்களிற் சிலர் வீட்டிலேயே கண்டிருக்கலாம்.

இக்கட்டுரையைக் கற்றபின் நீங்கள்
• மரம் ஈரத்தினால் உருமாறுவதற்கான காரணத்தை விளக்குவீர்கள்.
• குவளைக்குப் பொருத்தமான மரத்தையும் பொருத்தமற்ற மரத்தையும் வேறுபடுத்துவீர்கள்.
• குவளை செய்யும் படிமுறைகளைக் காரணத்துடன் எழுதுவீர்கள்.
• வேங்கை நீர் பற்றிய கூற்றுகளை விஞ்ஞான ரீதியாக மதிப்பிடுவீர்கள்.

1. வன்மரம் என்றால் என்ன?

இருவித்திலைத் தாவரங்களிலிருந்து பெறப்படும் மரம் வன்மரம் எனப்படும். பைன் போன்ற கூம்புதாங்கும் மரங்களிலிருந்து பெறப்படுவது மென்மரம் ஆகும். இது தாவர வகையைக் கொண்டு செய்யப்படும் பாகுபாடு என்பதைக் கவனிக்க. மிக இலேசான பல்சா மரமும் வன்மரமே. "வன்மரங்கள் யாவும் கடினமானவை" என எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள்.

முதிர்ந்த மரத்தின் குறுக்குவெட்டில் இரு பகுதிகளைக் காணலாம். வெளிப்புறமாக வெளிறிய நிறத்தில் இருப்பது மென்வைரம். இது நீரைக் கடத்தும் பகுதியாகும். உட்புறமாகக் கடும் நிறத்தில் இருப்பது வன்வைரம். இங்கு நீர் கடத்தப்படுவதில்லை. நிறப்பொருட்கள், பிசின், தனின் போன்றவை இங்கு படிந்திருக்கும். அழகிய நிறமும் வரிகளும் கொண்ட அலங்கார மரப்பொருட்கள் பெரும்பாலும் வன்வைரத்திலேயே செய்யப்படுகின்றன. பூச்சிகளும் பங்கசுகளும் மென்வைரத்தையே எளிதில் தாக்குவதால், குவளைக்கு மென்வைரம் உகந்ததன்று.

2. மரத்தினுள் நீர்

பச்சை மரத்தில் நீர் இரு விதமாக உள்ளது. ஒன்று கலங்களின் உள்வெளியில் நிரம்பியிருக்கும் நீர். மற்றையது கலச்சுவர்களினுள் பிணைந்திருக்கும் நீர். மரம் உலரும்போது முதலில் உள்வெளி நீர் வெளியேறும். அப்போது மரத்தின் நிறை குறையும்; அளவு குறையாது. ஈரலிப்பு ஏறத்தாழ 28% – 30% இற்கு இறங்கிய பின்னரே கலச்சுவர் நீர் வெளியேறத் தொடங்கும். மரம் சுருங்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

ஈரலிப்புச் சதவீதம் பின்வருமாறு கணிக்கப்படும்.

ஈரலிப்பு % = (ஈர நிறை – உலர் நிறை) ÷ உலர் நிறை × 100

உதாரணம்: பச்சை மரத்துண்டு ஒன்றின் நிறை 270 கிராம். 103 பாகை செல்சியசில் நிறை மாறாத நிலை வரும் வரை உலர்த்தியபின் அதன் நிறை 180 கிராம். எனவே ஈரலிப்பு = 90 ÷ 180 × 100 = 50%. இங்கு உலர் நிறையாலேயே வகுக்கவேண்டும். ஈர நிறையால் வகுப்பது மாணவர் பலர் விடும் பிழையாகும்.

மரம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. பல வன்மரங்கள் பச்சை நிலையிலிருந்து முற்றாக உலரும்போது ஆண்டு வளையத்தின் வழியே, அதாவது தொடலித் திசையில், 6% – 10% வரை சுருங்குகின்றன. ஆரைத் திசையில் அதன் ஏறத்தாழ அரைப்பங்கே சுருங்கும். நீளப்பாட்டில் 0.1% – 0.2% மாத்திரமே. இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, வட்டமாகக் கடைந்த பச்சைமரக் குவளை உலர்ந்தபின் நீள்வட்டமாகிவிடும். இரண்டாவது, மரத்தின் நடுமையத்தை உள்ளடக்கிய துண்டு வெடிக்கும். வளையங்கள் மையத்தைச் சுற்றி இறுக, விட்டுக்கொடுக்க இடமின்றி ஆரை வழியே பிளவு ஏற்படுகின்றது. ஆகவே மையம் சேராத துண்டையே குவளைக்கு எடுக்கவேண்டும்.

3. நீர் ஒழுகும் வழி

மரத்தின் காழ்க்கலன்கள் நீளப்பாடாக அமைந்த நுண்குழாய்கள் ஆகும். மரத்தை நிமிர்த்தி வைத்தவாறே குவளையாகக் கடைந்தால் குழாய்களின் வெட்டுமுகங்கள் அடித்தளத்தில் திறந்திருக்கும். நீர் மெதுவாக அவற்றினூடாகக் கசியலாம். எனவேதான் குவளையின் அடி, பக்கச்சுவரிலும் தடிப்பாக விடப்படுகின்றது.

எனினும் சில மரங்களில் வன்வைரம் உருவாகும்போது அயலிலுள்ள கலங்கள் பலூன் போல் காழ்க்கலனுக்குள் வீங்கி அதனை அடைத்துவிடுகின்றன. இவ்வடைப்புகள் தைலோசுகள் எனப்படும். வெள்ளை ஓக் மரத்தில் இவை நிறைந்திருப்பதால் அம்மரத்தாற் செய்த பீப்பாய்கள் திரவத்தை ஒழுகவிடுவதில்லை. செவ்வோக் மரத்தில் இவை மிகக் குறைவு. செவ்வோக் துண்டின் ஒரு முனையில் ஊதினால் மறுமுனையாற் காற்று வெளிவரும். பெயரளவில் இரண்டும் ஓக். பாத்திரத்துக்கு உதவுவது ஒன்றே.

வட ஐரோப்பாவின் சாமி மக்கள் இப்பிரச்சினைக்கு வேறொரு தீர்வைக் கண்டனர். அவர்களது குடிகுவளை பேர்ச் மரத்தண்டிற் கட்டிபோல் வளரும் திரட்சியிற் குடையப்படுகின்றது. திரட்சியில் இழைகள் ஒரே திசையில் ஓடாமற் சுழன்று பின்னியிருக்கும். ஆதலால் அது இலகுவிற் பிளக்காது. அழகுக்காக மட்டும் அம்மரம் தெரிவுசெய்யப்படவில்லை என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ளலாம்.

4. மரத்தைத் தெரிவுசெய்தல்

குடிக்கும் பாத்திரத்துக்கு மரத்தைத் தெரிவுசெய்யும்போது கடினம், அழகு என்பவற்றுடன் சுவை, மணம், நச்சுத்தன்மை என்பவற்றையும் கவனிக்க வேண்டும்.

வேங்கை: பொன்மஞ்சள் கலந்த கபில நிற வன்வைரம் உடையது. நீரில் நிறம் விடும். இதனைப் பின்னர் விரிவாகப் பார்ப்போம்.

பலா: மஞ்சள் நிறமானது, காலப்போக்கிற் கபிலமாகும். இதன் வன்வைரமும் நீரில் மஞ்சட் சாயம் விடும்.

வேம்பு: கசப்பை நீரில் விடும்.

தேக்கு: நீரைத் தாங்கும். ஆனால் இதன் எண்ணெய்த்தன்மையும் மணமும் பானத்திற் சேரலாம். தூள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை ஏற்படுத்தும்.

கருங்காலி: மிக அடர்ந்தது, உலர்த்தும்போது வெடிக்கக்கூடியது. இயற்கையில் அரிதாகிவருவதால் இதனைத் தவிர்க்கவேண்டும்.

அலரி, தில்லை: இவை நச்சு மரங்கள். தில்லையின் பால் கண்ணிற் பட்டாற் பார்வையையே பாதிக்கும். எக்காரணம் கொண்டும் உணவுப் பாத்திரங்களுக்கு இவற்றைப் பயன்படுத்தலாகாது.

பெயர் தெரியாத மரத்துண்டில் ஒருபோதும் குவளை செய்யாதீர்கள். இரசாயனப் பதனிடல் செய்த மரம், பழைய வர்ணம் பூசிய மரம் என்பனவும் விலக்கப்பட வேண்டியவை. மரம் சட்டபூர்வமாகப் பெறப்பட்டதா என்பதையும் உறுதிசெய்க. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதைக் கட்டுப்படுத்துவதற்கு 1951 ஆம் ஆண்டிலேயே இலங்கையிற் சட்டம் இயற்றப்பட்டது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

5. செய்முறை

நாம் செய்யும் குவளையின் உள்விட்டம் 7 சென்ரிமீற்றர், உள்ளாழம் 8 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். கொள்ளளவு = 22/7 × 3.5 × 3.5 × 8 = 308 மில்லிலீற்றர். பக்கச்சுவரின் இறுதித் தடிப்பு 7 மில்லிமீற்றர் எனின் வெளிவிட்டம் 8.4 சென்ரிமீற்றர் ஆகும். அடி 10 – 12 மில்லிமீற்றர் தடிப்பாக இருக்கட்டும்.

படி 1 – வெட்டுதல்: மையமும் மென்வைரமும் நீக்கிய, வெடிப்பற்ற சதுரத் துண்டொன்றை அறுத்தெடுக்க. உலரும்போது சுருங்குவதற்கும் பின்னர் சீர்செய்வதற்கும் அளவிலே மேலதிகம் விடவேண்டும்.

படி 2 – முனைகளை மூடுதல்: இரு வெட்டுமுனைகளிலும் உருக்கிய மெழுகைப் பூசுக. நீர் முனைகளினூடாகவே விரைவாக வெளியேறும். முனை விரைந்தும் நடுப்பகுதி மெதுவாகவும் உலர்ந்தால் முனையில் வெடிப்பு விழும். மெழுகு அதனைத் தடுக்கின்றது.

படி 3 – பரும்படியாகக் கடைதல்: பச்சை மரம் மென்மையானது, இலகுவில் வெட்டுப்படும். ஆகவே பச்சையாக இருக்கும்போதே கடைச்சல் இயந்திரத்திற் பொருத்தி, நகவுளியால் வெளிப்புறத்தை உருளையாக்கி, உட்புறத்தைக் குடைக. சுவரை விட்டத்தின் பத்திலொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 9 – 10 மில்லிமீற்றர் தடிப்பில் விடுக. இதிலும் தடித்தால் வெடிக்கும்; மெலிந்தால் நெளிந்த குவளையைப் பின்னர் வட்டமாக்க மரம் போதாது. இயந்திரம் இல்லாவிடின் துறப்பணத்தால் நெருக்கமாகத் துளைகள் இட்டு, இடையிலுள்ள மரத்தை நகவுளியால் நீக்கிக் கையாற் குடையலாம். துறப்பண அலகில் ஆழத்தைக் குறிக்க நாடாவொன்றைச் சுற்றிவைத்தால் அடி துளைபடாது.

படி 4 – உலர்த்துதல்: குவளையைக் கடதாசியிற் சுற்றி, வெயிலும் காற்றும் நேரடியாகப் படாத இடத்தில் வைக்க. வாரம் ஒருமுறை நிறுத்து, திகதியுடன் குறித்துக்கொள்க. நிறை மாறாத நிலை வரும்போது குவளை சூழலுடன் சமநிலை அடைந்துள்ளது. சார் ஈரப்பதன் 75% – 80% ஆக உள்ள இடத்தில் அந்நிலையில் மரத்தின் ஈரலிப்பு ஏறத்தாழ 14% – 16% ஆக இருக்கும். இதற்குச் சில மாதங்கள் செல்லலாம். பொறுமையின்றி வெயிலிற் காயவைத்த குவளை பெரும்பாலும் விறகாகவே முடியும்.

படி 5 – இறுதியாகக் கடைதல்: மீண்டும் இயந்திரத்திற் பொருத்தி, நெளிவை நீக்கி, இறுதி அளவுக்குக் கடைக. உள்ளடி மூலையைச் செங்கோணமாக விடாது வளைவாக்குக. கூர்மையான மூலையில் அழுக்கும் ஈரமும் தங்கும். வாய் விளிம்பையும் உருட்டிவிடுக.

படி 6 – மினுக்குதல்: 120, 180, 240, 320 என்ற ஒழுங்கில் மண்கடதாசியாற் தேய்க்க. பின் ஈரத்துணியாற் துடைத்து உலரவிடுக. ஈரத்தால் நுண்ணிழைகள் எழும்பிச் சொரசொரப்பாகும். அவற்றை 320 இலக்கக் கடதாசியால் மீண்டும் தேய்த்து நீக்குக. இதனை இப்போது செய்யாவிடின், முதன்முறை நீர் ஊற்றும்போது உதட்டில் உறுத்தும்.

படி 7 – சோதித்தல்: குவளையில் நீர் நிரப்பி உலர்ந்த கடதாசியின்மீது 24 மணித்தியாலம் வைக்க. கடதாசி நனைந்திருப்பின் கசிவு உண்டு.

6. மேற்பூச்சு

சாதாரண மரக் குவளைக்குத் தூய ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. இது காற்றிலுள்ள ஒட்சிசனுடன் தாக்கமுற்றுத் திண்மப் படலமாகின்றது. தேங்காயெண்ணெய் இவ்வாறு இறுகுவதில்லை; நாளடைவில் மணக்கத் தொடங்கும். வன்பொருள் கடைகளில் "கொதித்த ஆளிவிதை எண்ணெய்" என விற்கப்படுவதில் உலர்வை விரைவாக்கும் உலோகச் சேர்வைகள் கலந்திருப்பதால் அதனைத் தவிர்க்க. தேன்மெழுகு 62 – 64 பாகை செல்சியசில் உருகும். எனவே மெழுகு பூசிய குவளையிற் சுடுதேநீர் ஊற்றினால் மெழுகையும் சேர்த்தே குடிக்கவேண்டிவரும்.

கவனிக்க: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தாக்கத்தின்போது வெளிவரும் வெப்பம் தங்கித் தானாகவே தீப்பற்றலாம். விரித்து வெளியில் உலரவிடுக.

7. பாதுகாப்பு

8.4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குவளை நிமிடத்துக்கு 1000 தடவை சுழலும்போது அதன் விளிம்பு செக்கனுக்கு 4.4 மீற்றர் வேகத்தில் இயங்குகின்றது. தளர்ந்த சட்டைக்கை, விரித்த கூந்தல், கையுறை என்பன அதில் அகப்பட்டாற் கையை இழுத்துக்கொள்ளும். கண்காப்பு அணிக. இயந்திரத்தை இயக்குமுன் குவளையைக் கையாற் சுழற்றிப் பார்க்க. மரத்தூளைச் சுவாசியாதவாறு முகமூடி அணிக. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தும் பொருளாகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் 1995 ஆம் ஆண்டு வகைப்படுத்தியது.

8. வேங்கைக் குவளை: நிறம் தரும் மரம்

இதுவரை நாம் மரம் நீரிற் கலவாதிருக்க வழி தேடினோம். வேங்கைக் குவளையில் நோக்கம் இதற்கு நேர்மாறானது. மரத்திலுள்ள பொருட்கள் நீருக்குள் வரவேண்டும் என்பதே அங்கு எதிர்பார்ப்பு. எனவே அதன் உட்புறத்தில் எண்ணெயோ வார்னிசோ பூசப்படுவதில்லை.

வேங்கை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த மரமாகும். இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளில் இயற்கையாக வளர்கின்றது. சிங்களத்தில் இதனைக் கம்மாலு என்பர். சங்கப் பாடல்களிற் குறிஞ்சி நிலத்து மரமாக நீங்கள் படித்த, மஞ்சட் பூப் பூக்கும் வேங்கை இதுவே. பட்டையை வெட்டினால் செந்நிறப் பிசின் வடியும்.

வேங்கைக் குவளையில் இரவு ஊற்றிய நீர் காலையிற் கபில நிறமாக இருக்கும். அதனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, கறுப்புப் பின்னணியில் வெயிலிற் பிடித்துப் பக்கவாட்டில் நோக்கினால் நீலச்சாயல் தெரியும். நீரிற் கரைந்த பொருட்கள் கட்புலனாகாத கழியூதாக் கதிர்களை உறிஞ்சி, கட்புலனாகும் ஒளியாக வெளிவிடுவதே இதற்குக் காரணம். இத்தோற்றப்பாடு புளோரொளிர்வு எனப்படும்.

இத்தோற்றப்பாட்டின் வரலாற்றில் மரக் குவளைக்கு ஓர் இடம் உண்டு. 1565 இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் நிக்கொலாஸ் மொனார்டெஸ், சிறுநீரக நோய்க்கென மெக்சிக்கோவிலிருந்து வந்த மரமொன்று நீரை நீலமாக்குவதை எழுதிவைத்தார். அத்தகைய மரக் குவளைகள் ஐரோப்பாவில் அரும்பொருட்களாகப் பேணப்பட்டன. போயிலின் விதியால் நீங்கள் அறிந்த றொபேட் போயில் 1664 இல் அந்நீரின் நிறங்களை ஆராய்ந்து வெளியிட்டார். 1852 இல் ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் இத்தோற்றப்பாட்டை விளக்கிப் புளோரொளிர்வு எனப் பெயரிட்டார். ஒரே பெயரில் இரு மரங்கள் புழங்கியமை 1915 இல் தெளிவாயிற்று. ஒன்று மெக்சிக்கோ மரம். மற்றையது பிலிப்பைன்சின் நர்ரா மரம். நர்ரா எமது வேங்கையின் அதே சாதியைச் சேர்ந்தது.

9. வேங்கை நீர் சீனி வருத்தத்தை மாற்றுமா?

இவ்வினாவுக்குச் சரியாக விடையளிப்பது பரீட்சைக்கு மட்டுமன்றி உங்கள் வீட்டுக்கும் முக்கியமானது.

வேங்கை நீரிழிவுக்குரிய மருந்தாக ஆயுள்வேதத்திற் பயன்பட்டு வந்துள்ளது. 1998 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு வேங்கைச் சாறு கொடுக்கப்பட்டபோது பலரது குருதிச் சீனி குறைந்தது. இதனை வாசிக்கும்போது இரு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கொடுக்கப்பட்டது அளந்து தயாரித்த சாறு. குவளையில் ஊறிய நீரன்று. குவளை நீரில் எவ்வளவு பொருள் கரைந்துள்ளது என்பது மரத்தின் வயது, குவளை எத்தனை நாள் பாவிக்கப்பட்டது, நீர் ஊறிய நேரம் என்பவற்றைப் பொறுத்து மாறும். இரண்டாவது, அது ஒப்பிடுவதற்கு மருந்தற்ற கட்டுப்பாட்டுக் குழு இல்லாத ஆய்வு. கட்டுப்பாட்டுக் குழு இல்லாத பரிசோதனையிலிருந்து உறுதியான முடிவு பெறமுடியாது என்பதை விஞ்ஞான பாடத்தில் நீங்கள் கற்றுள்ளீர்கள்.

ஆகவே அம்மம்மாவோ அப்பப்பாவோ வேங்கை நீர் குடிப்பாராயின், அதற்காகக் கிளினிக்கில் தந்த குளிசையை நிறுத்தாமற் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அவர் வேங்கை நீர் குடிப்பதை வைத்தியருக்கும் தெரியப்படுத்த வேண்டும். மருந்துடன் சேர்ந்து சீனி அளவுக்கு மீறிக் குறைவதும் ஆபத்தானதே. நிறம் மாறிய நீர் மருந்தாகிவிட்டது எனக் கருதவேண்டாம். பலாவும் நீரை நிறம் மாற்றும் என்பதை மேலே கண்டோம்.

குவளையில் ஊற்றுவது கொதித்தாறிய நீராக இருக்கட்டும். மரம் நீரைச் சுத்திகரிப்பதில்லை. நாள்தோறும் கழுவி, கவிழ்த்து, நன்றாக உலரவிடுக. எந்நேரமும் ஈரமாக இருக்கும் மரத்திற் பங்கசு வளரும். பூஞ்சணம் பிடித்த குவளையை அகற்றிவிடுக.

10. மரத்துக்கான விலை

பல வாரங்கள் பாவித்த வேங்கைக் குவளை நிறம் விடுவதைக் குறைத்துக்கொள்ளும். கரையக்கூடிய பொருட்கள் மேற்பரப்பிலிருந்து தீர்ந்துவிடுவதே காரணம். பலர் அதனை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குகின்றனர். ஆனால் குவளைக்கு வேண்டிய அகன்ற வன்வைரம் இளமரத்தில் இல்லை. பல தசாப்தங்கள் வளர்ந்த மரத்திலேயே உண்டு. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் செம்பட்டியலில் வேங்கை அச்சுறுத்தலை அண்மித்த இனமாகச் சேர்க்கப்பட்டுள்ளது. சில மாதப் பாவனைக்காகப் பல தசாப்த வளர்ச்சியை வெட்டுவது நல்ல வடிவமைப்பாகாது. தளபாட வேலையில் எஞ்சிய கழிவுத்துண்டிற் குவளை செய்வதும், நிறம் குறைந்த குவளையின் உட்புறத்தை மண்கடதாசியாற் தேய்த்துப் புதுமுகம் வெளிப்படுத்துவதும், பின்னர் எண்ணெய் பூசிச் சாதாரண குவளையாகப் பாவிப்பதும் சிறந்த வழிகளாகும்.

நினைவிற் கொள்க

• மரம் சுருங்கத் தொடங்குவது ஈரலிப்பு ஏறத்தாழ 30% இற்குக் கீழ் இறங்கும்போது.
• தொடலித் திசைச் சுருக்கம் ஆரைத் திசைச் சுருக்கத்தின் ஏறத்தாழ இரு மடங்கு.
• பச்சையிற் பரும்படியாகக் கடைதல், மெதுவாக உலர்த்தல், இறுதியாகக் கடைதல் என்பதே ஒழுங்கு.
• வேங்கைக் குவளையின் உட்புறத்தில் மேற்பூச்சு இல்லை.
• வேங்கை நீர் வைத்தியர் தந்த மருந்துக்குப் பதிலீடு அன்று.

பயிற்சி வினாக்கள்

1. பச்சை மரத்துண்டு ஒன்றின் நிறை 450 கிராம். அதன் உலர் நிறை 300 கிராம்.
(அ) ஈரலிப்புச் சதவீதம் யாது?
(ஆ) ஈரலிப்பு 14% ஆகும்போது துண்டின் நிறை யாது?

2. பின்வருவனவற்றுக்குக் காரணம் தருக.
(அ) மரத்தின் மையம் சேர்ந்த துண்டு குவளைக்குத் தெரிவுசெய்யப்படுவதில்லை.
(ஆ) குவளையின் அடி பக்கச்சுவரிலும் தடிப்பாக விடப்படுகின்றது.
(இ) தேன்மெழுகு பூசிய குவளை சுடுபானத்துக்கு ஏற்றதன்று.

3. "வேங்கைக் குவளையில் ஊறிய நீர் நிறம் மாறுவதால் அது சீனி வருத்தத்தைக் குணப்படுத்தும் என்பது உறுதி." இக்கூற்றை விமர்சிக்குக.

விடைக் குறிப்புகள்

1. (அ) 150 ÷ 300 × 100 = 50%. (ஆ) 300 × 1.14 = 342 கிராம்.

2. (அ) வளையத்தின் வழியான சுருக்கம் ஆரை வழியான சுருக்கத்திலும் கூடுதலாதலால் மையத்தைச் சுற்றி இழுவிசை தோன்றி வெடிக்கும். (ஆ) காழ்க்கலன்களின் வெட்டுமுகங்கள் அடியில் திறந்திருப்பதால் நீர் கசியலாம். (இ) மெழுகு 62 – 64 பாகை செல்சியசில் உருகிப் பானத்திற் கலக்கும்.

3. நிறமாற்றம் பொருட்கள் கரைந்துள்ளன என்பதை மட்டுமே காட்டும். நோய் தீர்க்கும் ஆற்றலைக் காட்டாது. கரைந்த அளவு நிச்சயமற்றது. ஆய்விற் கொடுக்கப்பட்டது அளந்த சாறு. கட்டுப்பாட்டுக் குழு இருக்கவில்லை. எனவே மருந்தை நிறுத்துவதற்கு இது ஆதாரமாகாது. இந்நான்கு கருத்துகளையும் எழுதினால் முழுமையான விடையாகும்.